பின்சக்கரத்துக்கு ஐந்து வருஷம்

இருபத்தெட்டு வருஷத் தாம்பத்தியத்தில் ஜெகநாதன் மனைவியிடம் ஒரு உதவியும் கேட்டதில்லை. வீறாப்பு ஒன்றும் இல்லை. கேட்டால் செய்துவிடுவாளே என்ற பயம்தான்.

அந்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் கேட்டே தீர வேண்டியதாயிற்று. அவருடைய சைக்கிளின் பின்சக்கரம் போய்விட்டது. சாதாரணச் சக்கரம் அல்ல, கார்பன் சக்கரம். ரிம்மில் சுண்டுவிரல் நீளத்துக்கு விரிசல். கோயம்புத்தூரில் இருக்கிற கம்பெனிக்கு வாரண்டி கேட்டு எழுதினார். மறுநாளே பதில் வந்தது. சக்கரத்தின் உரிமையாளர் சனிக்கிழமை பதினொரு மணிக்கு வீடியோவில் வந்து, சக்கரத்தைக் காட்டி, சில கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டும். உரிமையாளர்: திருமதி விஜயகுமாரி ஜெகநாதன்.

இது அவரே செய்துகொண்ட வினை. சக்கரம் வாங்கியது இரண்டரை வருஷத்துக்கு முன், ஒரு மார்ச் மாதம். மகளிர் தினச் சலுகை என்று கடையில் எழுதிப் போட்டிருந்தார்கள். ஆண் பெயரில் வாங்கினால் இரண்டு வருஷ வாரண்டி, பெண் பெயரில் வாங்கினால் ஐந்து. ஜெகநாதன் செகந்திராபாத் பக்கம் ஜீடிமெட்லாவில் ஒரு மருந்துத் தொழிற்சாலையில், மாத்திரைகளுக்குக் காலாவதித் தேதி கணிக்கும் பிரிவில் இருக்கிறார். மாத்திரையை வெக்கையும் புழுக்கமுமான அறையில் அடைத்து வைப்பார்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை எடுத்துப் பார்ப்பார். ‘மாற்றம் இல்லை’ என்று எழுதித் தேதியோடு கையெழுத்துப் போடுவார். இருபது வருஷமாக அவர் எழுதியதில் முக்கால்வாசி ‘மாற்றம் இல்லை’தான். அப்படிப்பட்ட மனிதரால் மூன்று வருஷ ஆயுளைக் கடை மேஜையில் விட்டுவிட்டு வர முடியுமா? மனைவியின் பெயரைக் கொடுத்தார். மனைவியிடம் சொல்லவில்லை.

சக்கரம் வாங்கியதற்கும் காரணம் இருந்தது. மகள் அக்ஷதா வேலைக்காகப் புனாவுக்குப் போன பிறகு, மாரெட்பள்ளி வீட்டில் இரண்டு பேரும் ஒரு டிவியும் மிச்சம். வாரத்தில் ஆறு நாள் அங்கே நடந்த பேச்சையெல்லாம் ஒரு காகிதத்தில் எழுதினால் மளிகைக் கடைக்காரர் அதைப் பார்த்தே சாமான் கட்டிவிடலாம். பால், கேஸ், தண்ணீர் லாரி. பேச்சுத்துணைக்கு என்றுதான் ஜெகநாதன் ஞாயிற்றுக்கிழமை சைக்கிள் குழு ஒன்றில் சேர்ந்தார். கிரி, பத்ரி என்று எல்லாரும் அவர் வயதில் பாதி. தார்நாகாவில் அவர்களுடைய முதுகு தெரியும். ஹப்சிகுடாவில் புள்ளியாகத் தெரியும். அப்புறம் சாலைதான் தெரியும். எட்டிப் பிடிக்கலாம் என்று கார்பன் சக்கரம் வாங்கினார். சக்கரம் லேசாயிற்று. மேலே உட்கார்ந்தவர் லேசாகவில்லை.

ஒரு மாதம் கழித்து வாட்ஸப் குழு அமைதியாகிவிட்டது. எல்லாரும் சைக்கிளை விட்டுவிட்டார்களோ என்று நினைத்தார். விடவில்லை. வேறு குழு தொடங்கியிருந்தார்கள். பழைய குழுவில் ஜெகநாதனும், எப்போதோ டில்லிக்கு மாற்றலாகிப் போன ஒருவரும்தான் பாக்கி. அந்த டில்லிக்காரர் தீபாவளிக்கு வாழ்த்து அனுப்புவார்.

ஆனால் வீட்டில் வேறொரு காரியம் நடந்துவிட்டிருந்தது. குழுவோடு போய்வந்த முதல் ஞாயிறு, இட்லி சாப்பிடும்போது கிரி சொன்ன ஏதோ ஒன்றை அவர் சொல்ல, விஜயகுமாரி சமையலறை நிலைப்படியில் சாய்ந்து நின்று சிரித்தாள். அவள் சிரித்து ரொம்ப நாளாகியிருந்தது. அடுத்த ஞாயிறும் வந்து நின்றாள். அதற்கடுத்த ஞாயிறும். வாரத்துக்கு அந்த ஒரு மணி நேரம்தான். குழு போய்விட்டது என்று சொன்னால் அதுவும் போய்விடும். எனவே ஜெகநாதன் சொல்லவில்லை. ஞாயிறு தோறும் விடிவதற்குள் கிளம்பித் தனியாக உப்பல் வரை மிதித்தார். அங்கே ஒரு இரானி டீக்கடையில் உட்கார்ந்து இரண்டு டீ குடித்தார். கிரியும் பத்ரியும் அன்றைக்கு என்ன செய்தார்கள் என்று முடிவு பண்ணிக்கொண்டு, ஒன்பது மணிக்கு வீடு திரும்பினார்.

பின்சக்கரம் உடைந்ததும் ஒரு ஞாயிறு வீட்டிலேயே கழிந்தது. மழை என்றார். தட்டில் இட்லி இருந்தது, நிலைப்படியில் ஆள் இல்லை. பாதி இட்லியைத் தட்டிலேயே விட்டு எழுந்தார். அதனால்தான் வாயைத் திறந்தார்.

“விஜயா, ஒரு சின்ன உதவி.”

விஜயகுமாரி கொத்தவரங்காய் நறுக்குவதை நிறுத்தினாள். “உடம்புக்கு என்ன?”

“உடம்புக்கு ஒண்ணுமில்ல.”

“ஆபீஸ்ல ஏதாவதா?”

“இல்ல. சைக்கிள் சக்கரம்.”

“அதானே.” மறுபடி நறுக்க ஆரம்பித்தாள்.

“நாளைக்குக் கோயம்புத்தூர்லேருந்து ஒரு பொண்ணு வீடியோல வரும். நீ நாலு வார்த்தை பேசணும். சக்கரம் உன் பேர்ல இருக்கு.”

“என் பேர்ல வீடு இல்ல. ஸ்கூட்டி இல்ல. சக்கரம் இருக்கா?”

“ரெண்டு சக்கரம்.”

“ரெண்டா. இத்தனை நாளா சொத்துக்காரியா இருந்திருக்கேன், ஒரு வார்த்தை சொல்லலையே.”

ஜெகநாதன் சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். சொல்ல வேண்டியதை எல்லாம் தமிழில், ஆனால் இங்கிலீஷ் எழுத்தில் எழுதியிருந்தார். விஜயகுமாரியின் கொள்ளுத்தாத்தா வெள்ளைக்காரன் காலத்தில் செகந்திராபாத் பட்டாளத்துக்குக் கணக்கெழுத வந்தவர். அந்த வீட்டில் நான்கு தலைமுறையாகப் பேசுவது தமிழ், படித்தது தெலுங்கும் இங்கிலீஷும். தமிழ் எழுத்து அவளுக்குக் கோலம் மாதிரி. பார்க்க நன்றாயிருக்கும், அவ்வளவுதான்.

அவள் தாளை வாங்கிக் கையெட்டும் தூரத்தில் பிடித்துப் படித்தாள். “‘சைக்கிளை நான்தான் ஓட்டுகிறேன்.’ நான் ஓட்டறேனா?”

“ஒரு பேச்சுக்கு.”

“எவ்வளவு தூரம் ஓட்டறேன்?”

“நாப்பது கிலோமீட்டர்.”

“எவ்வளவு நேரத்துல?”

“ரெண்டு மணி நேரம்னு சொல்லு.”

“பரவால்லையே, நல்லா ஓட்டறேன். மோண்டா மார்க்கெட்டுக்கு ஏன் ஆட்டோல போறேன்னு தெரியல.” அடுத்த வரிக்குப் போனாள். “‘எந்தக் குழியிலும் இறங்கவில்லை.’ இறங்குச்சா?”

“உப்பல்ல ஒண்ணு. சின்னதுதான்.”

“அப்ப ஏன் இறங்கலேன்னு சொல்லணும்?”

“குழில இறங்கி உடைஞ்சா வாரண்டி கிடையாது. ஒழுங்காப் போயிட்டிருக்கறப்போ தானா உடைஞ்சாத்தான் உண்டு.”

“இந்த ஊர்ல குழில இறங்காம யார் போறாங்க?”

“அது கோயம்புத்தூர்ல தெரியாது.”

“பொய்யெல்லாம் எனக்கு நக்கோ” என்றாள். வேண்டாம் என்பதை அவள் பிறந்த வீட்டில் அப்படித்தான் சொல்வார்கள்.

“பொய் இல்ல விஜயா. கொஞ்சம் விவரம் குறைச்சல்.”

“சரி, புதுச் சக்கரம் வரலேன்னா என்ன ஆகும்?”

“ஞாயித்துக்கிழமை போக முடியாது.”

“போகலேன்னா?”

ஜெகநாதன் கொத்தவரங்காயைப் பார்த்தார். “கிரி, பத்ரியெல்லாம் காத்துக்கிட்டிருப்பாங்க.”

விஜயகுமாரி கத்தியைக் கீழே வைத்துவிட்டு அவர் முகத்தைப் பார்த்தாள்.

“ஹவ்” என்று, ஆமாம் என்பதாகத் தலையாட்டினாள். “பாவம், காத்துக்கிட்டிருப்பாங்க.”

சம்மதம் இவ்வளவு சுலபமாகக் கிடைத்ததில் அவருக்கு ஏதாவது உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை.

மறுநாள் பத்தே முக்காலுக்கே மேடை தயார். சாப்பாட்டு மேஜையில் பின்சக்கரம், பெரிய அப்பளம் மாதிரி படுத்திருந்தது. சர்க்கரை டப்பா மேல் சாய்த்து நிறுத்திய ஃபோன். ஃபோனுக்குப் பின்னால், படத்தில் விழாத இடத்தில் ஜெகநாதன். விஜயகுமாரி கல்யாணத்துக்குப் போகிற புடவை ஒன்றைக் கட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். இந்தம்மாள் நாற்பது கிலோமீட்டர் சைக்கிள் மிதிக்கிறாள் என்று எந்தக் கோர்ட்டும் ஒப்புக்கொள்ளாது. மாற்றச் சொல்ல நேரமில்லை. ஃபோன் அடித்துவிட்டது.

“வணக்கம்ங்க மேடம், நான் ஹர்ஷிதா, வாரண்டி பிரிவுல இருந்து பேசறேன். சக்கரம் உங்க பேர்லதானுங்களே?”

“என் பேர்லதாம்மா.”

“ஓட்டறதும் நீங்கதானுங்களா?”

ஜெகநாதன் தாளை உயர்த்திப் பிடித்து, முதல் வரியை விரலால் தட்டினார்.

“இல்லம்மா. என் வீட்டுக்காரர்.”

“அது பரவால்லைங்க. வீட்டு ஆளுக யார் ஓட்டினாலும் செல்லும்ங்க. பில் உங்க பேர்ல இருந்தாப் போதும்.”

ஜெகநாதன் தாளை இறக்கினார். ஒரு வாரம் யோசித்து எழுதிய வரி அது.

“குழில கிழில ஏதாச்சும் இறங்குச்சுங்களா மேடம்?”

இந்தத் தடவை தாளோடு தலையையும் ஆட்டினார். இல்லை, இல்லை.

“இறங்குச்சும்மா. உப்பல்ல. டமார்னு.”

ஜெகநாதன் நெற்றியை மேஜைமேல் வைத்துவிட்டார். சக்கரம் ஒரு தடவை அசைந்தது.

“மேடம், பக்கத்துல யாராச்சும் இருக்காங்களா?”

“என் வீட்டுக்காரர்தான். வருத்தப்படறார்.”

“அடடா. ஆனா மேடம், குழின்னா கம்பெனில ஒத்துக்க மாட்டாங்களேங்க.”

“குழி போன மாசக் கடைசிலதாம்மா. கோடு அதுக்கு ஒரு வருஷம் முந்தியே இருக்கு.”

“எந்தக் கோடுங்க?”

“கம்பி நுழையற ஓட்டை இருக்கில்ல, அதுல ஏழாவது ஓட்டைகிட்ட. முடி மாதிரி.”

ஜெகநாதன் தலையைத் தூக்கினார். அந்தக் கோட்டை அவரே மறந்துவிட்டிருந்தார். ‘முடி மாதிரி’ என்பது அவருடைய வார்த்தை. யாரிடமும் சொன்னதில்லை, எழுதியதோடு சரி.

“அது எங்க தயாரிப்புக் குறையா இருக்கலாம்ங்க” என்றாள் ஹர்ஷிதா. குரல் நிமிர்ந்துவிட்டது. “அப்போவே இருந்ததுக்கு ஆதாரம் ஏதாச்சும் இருக்குதுங்களா?”

“எழுதியே வெச்சிருக்காரே” என்று சொல்லிவிட்டு, விஜயகுமாரி எழுந்து போய் ஃப்ரிட்ஜின் மேலிருந்து அந்த நோட்டை எடுத்து வந்தாள்.

நோட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஜெகநாதனின் தொழிலில், எழுதாதது நடக்கவே இல்லை என்று அர்த்தம். ஆகவே ஒவ்வொரு ஞாயிறும் உப்பல் டீக்கடையில் உட்கார்ந்து, மாத்திரைக்கு எழுதுகிற அதே கட்டங்களில் சைக்கிளுக்கும் எழுதினார். தேதி, தூரம், சாலை, சக்கரத்தின் நிலை. கடைசிக் கட்டம், குறிப்பு. அன்றைக்கு வீட்டில் சொல்லப்போகும் கதையை அந்தக் குறிப்பில்தான் எழுதுவார். இல்லாவிட்டால் இந்த வாரம் சொன்னது போன மாதம் சொன்னதோடு இடிக்கும். எல்லாம் தமிழில். அந்த வீட்டில் தமிழில் எழுதி ஃப்ரிட்ஜ் மேல் வைப்பதும் பீரோவில் வைத்துப் பூட்டுவதும் ஒன்றுதான்.

“விஜயா” என்றார் அடிக்குரலில். “அது தமிழ்ல இருக்கு.”

“தெரியுது” என்று அவள் பக்கத்தைப் புரட்டினாள். வரிக்குக் கீழே விரலை வைத்தாள். ஒவ்வொரு எழுத்தாக நின்று, நிறுத்தி, பிசகில்லாமல் படித்தாள்.

“ஜூன் ஒன்பது. தூரம் இருபத்திரண்டு. மேகமூட்டம். பின்சக்கரத்தில், ஏழாவது கம்பி ஓட்டை அருகே, முடி போல ஒரு கோடு. நகத்தால் தடவினால் தெரிகிறது. ஓட்டத்தில் மாற்றம் இல்லை.”

“அருமைங்க மேடம். அந்தப் பக்கத்தைப் போட்டோ எடுத்து அனுப்பிருங்க. ஒண்ணே ஒண்ணுங்க. இப்போ எழுதிச் சேத்ததான்னு மேல கேப்பாங்க. முன்னாடி ஒரு பக்கம், பின்னாடி ஒரு பக்கம் படிச்சீங்கன்னா தொடர்ச்சியா இருக்கான்னு பாத்துக்குவேன். குறிப்பு இருந்தா அதையும் சேத்துப் படிங்க.”

“குறிப்பு வேண்டாம்மா” என்றார் ஜெகநாதன்.

“சார், எதையும் விடக் கூடாதுங்க. முழுசா இருந்தாத்தான் ஆதாரம்.”

ஜீடிமெட்லாவில் தனக்குக் கீழே வேலை செய்கிறவர்களிடம் அவர் வாரம் ஒருமுறை சொல்கிற வாக்கியம் அது. மறுக்க வழியில்லை.

“ஜூன் இரண்டு” என்று விஜயகுமாரி படித்தாள். “தூரம் இருபத்திரண்டு. சாலை ஈரம். சக்கரம், மாற்றம் இல்லை. குறிப்பு. இன்றும் தனியாகத்தான். உப்பல் டீக்கடை, இரண்டு டீ. வீட்டில் சொல்ல: தார்நாகாவில் ஒரு நாய். நாய் பத்ரியைத் துரத்தியதாகச் சொல்ல வேண்டாம். பத்ரி நாயைத் துரத்தியதாகச் சொன்னால் சிரிப்பாள்.”

ஜெகநாதன் சக்கரத்தின் கம்பிகளை எண்ண ஆரம்பித்தார்.

“ஜூன் பதினாறு. தூரம் இருபத்திரண்டு. வெயில். சக்கரம், மாற்றம் இல்லை. குறிப்பு. டீக்கடை அடைப்பு. மெட்ரோ தூணடியில் ஒரு மணி நேரம் இருந்தேன். யாரோடும் பேசவில்லை. வீட்டில் சொல்ல: கிரியின் மாமியார் ஊரிலிருந்து வந்திருக்கிறார். எச்சரிக்கை: பத்ரிக்கு இரண்டு பிள்ளைகள் என்று மார்ச்சிலேயே சொல்லியாயிற்று. மாற்றக் கூடாது.”

படித்து முடித்து, விரலை எடுக்காமல் ஃபோனைப் பார்த்தாள்.

“தொடர்ச்சியா இருக்குதுங்க மேடம்” என்றாள் ஹர்ஷிதா. கொஞ்சம் தயங்கினாள். “சிரிச்சீங்களாங்க? அந்த நாய்க்கு.”

“சிரிச்சேம்மா.”

“சரிங்க. புதுச் சக்கரம் அனுப்பச் சொல்லிடறேன். ஆறு வாரம் ஆகும்ங்க.”

ஃபோன் அணைந்தது. சாப்பாட்டு மேஜையில் இரண்டு பேரும் நடுவில் சக்கரமுமாக இருந்தார்கள். கேட்டது கிடைத்துவிட்டது. அதனால் எந்தச் சந்தோஷமும் வரவில்லை. எதற்காகச் சக்கரமோ, அதுவே போய்விட்டதே. இனி எந்த வாயால் கிரியைப் பற்றிச் சொல்வது?

“உனக்குத் தமிழ் படிக்கத் தெரியாதே” என்றார் கடைசியில்.

“தெரியாதுதான்.”

“யார் சொல்லிக்கொடுத்தா?”

“யூடியூப்ல ஒரு ஒண்ணாங் கிளாஸ் டீச்சர். எழுத்து அங்க கத்துக்கிட்டேன். படிச்சுப் பழக வீட்ல வேற என்ன தமிழ் இருக்கு? காலண்டரும் இந்த நோட்டும்தான். காலண்டர் ஒரு வாரத்துல தீர்ந்துபோச்சு.”

“எதுக்கு விஜயா இந்த வயசுல?”

“காலைல ஏழு மணிக்கு ஆபீஸ் பஸ் ஏறினா நீங்க வர்றது சாயங்காலம் ஏழு. அக்ஷதா ஃபோன் பண்ணினா ரெண்டு நிமிஷம், அதுவும் ஹிந்தில. நடுவுல நான் என்ன பண்றேன்னு நினைச்சீங்க?”

அவர் அதை நினைத்ததில்லை.

“எப்பலேருந்து படிக்கறே?”

“ஒன்றரை வருஷமா.”

ஜெகநாதன் கணக்குப் போட்டார். எழுபது, எண்பது ஞாயிறு. அத்தனை ஞாயிறும் நிலைப்படியில் நின்று கேட்டிருக்கிறாள். பத்ரியின் பிள்ளைகள் எந்த வகுப்பு என்று விசாரித்திருக்கிறாள். கிரியின் மாமியார் ஊருக்குப் போய்விட்டாரா என்று கவலைப்பட்டிருக்கிறாள்.

“எல்லாம் தெரிஞ்சுதான் கேட்டியா?”

“ஞாயித்துக்கிழமை கேப்பேன். திங்கக்கிழமை நோட்டை எடுத்து ஒத்துப் பாப்பேன். பெரும்பாலும் சரியாத்தான் இருக்கும். ஒண்ணுதான், எழுதறதுல சிலதைச் சொல்லாம விட்டுடறீங்க.”

“எதை?”

“யாரோடும் பேசலேன்னு எழுதறீங்களே, அதை.”

ஜெகநாதன் சக்கரத்தைத் தூக்கிக்கொண்டு போய்ச் சுவரோரம் சாய்த்தார். அது நழுவியது. மறுபடி சாய்த்தார். திரும்பி வந்தபோது அவள் புடவை மாற்றப் போயிருந்தாள். நோட்டு, பழையபடி ஃப்ரிட்ஜ் மேல் இருந்தது.

ஞாயிறு விடிந்தது. மழை இல்லை. பால்கனியில் சைக்கிள் ஒற்றைச் சக்கரத்தோடு சாய்ந்திருந்தது. ஜெகநாதன் ஒன்பது மணிவரை செய்தித்தாளை மூன்று தடவை படித்தார். தட்டில் இட்லி வந்தது. தலையை நிமிர்த்தாமல் பிட்டுப் பிட்டுத் தின்றார். இன்று நிலைப்படியில் ஆள் நிற்காது என்று அவருக்குத் தெரியும்.

நிற்கவில்லை. நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. விஜயகுமாரி அவருக்கு எதிரே உட்கார்ந்தாள். கையில் தட்டு இல்லை.

“ம்” என்றாள்.

“என்ன ம்?”

“இன்னிக்கு என்ன ஆச்சு?”

“நான் எங்கேயும் போகலையே விஜயா.”

“இத்தனை நாளா மட்டும் அவங்ககூடப் போனீங்களா? அதனால கதை நின்னா போச்சு?”

ஜெகநாதன் சட்னியைப் பார்த்தார். கையைத் துடைத்துக்கொண்டார். தொண்டையைச் செருமினார்.

“இந்தக் கிரி இருக்கானே, இன்னிக்குக் கிளம்பறப்பவே இடுப்பைப் பிடிச்சுக்கிட்டு நின்னான்.”

“இடுப்பா?”

“ஆமா. அவனுக்குத்தான் கொஞ்ச நாளாவே இடுப்புல...”

“முட்டி” என்றாள் விஜயகுமாரி. “ஜூலை பதிமூணு. எழுதியாச்சு, இனி மாத்தக் கூடாது. முதல்லேருந்து சொல்லுங்க.”